வேளாண்மையும் மச்சானின் வயலும்

பெப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இன்னும் இல்லை. கந்தோரில் மேசை வேலை போதாதென்று புது வேலை தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை புத்தரிசிப் பொங்கலில் 'வேளாண்மை' என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டுமாம். வெல்லாவெளியில் வேறு ஆளா இல்லை? வெட்டுக்கு நிற்கும் வயலைப் பார்ப்பதா, சொல்லைப் பார்ப்பதா?

வாங்க: சாக்கு, தேயிலை, ரதிக்கு இருமல் மருந்து.

பெப்ரவரி 10, செவ்வாய்

அகராதி இரவல் வாங்கினேன். வேளாண்மை: முதல் பொருள் உதவி, கொடை. பயிர்ச்செய்கை பிறகுதான். 'வேள்' என்றால் விருப்பம் என்கிறார் ஒருவர். இல்லை, வெள்ளத்தை ஆள்வதால் வெள்ளாண்மை என்கிறார் இன்னொருவர். யார் சரியோ! எங்கள் வாயில் வெள்ளாம. பயிருக்கும் அதே பேர்.

சாப்பிடும்போது ரதி: "அண்ணன்ட வெள்ளாம சாஞ்சி கிடக்காம்."

மனைவியின் அண்ணன், என் மச்சான். வயலும் பக்கத்து வயல். என் முறைத் தண்ணீரை, வரம்பை வெட்டித் தன் பக்கம் திருப்பியவர். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. நடுவில் கிடந்து வேகிறவள் ரதிதான்.

பெப்ரவரி 11, புதன்

வெட்டு மெசின் வந்தது. வட்டை வயல்களில் இன்று முதல் வெட்டு என் முறை. மெசின்காரர் ஓட்டமாவடி ஆள், வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், பின்னேரம் மழை ஊத்தும். ஒரு வயல்தான் ஏலும்."

என் பயிர் நிமிர்ந்து நின்றது. மச்சானுடையது பாய் விரித்த மாதிரி. நனைந்தால் முளைத்துவிடும். அவர் தன் வரம்பில் நின்றார், இந்தப் பக்கம் பார்க்காமல். ரதி என்னையே பார்த்தாள்.

"அங்கால இறக்குங்க," என்றேன், மச்சானின் வயலைக் காட்டி.

மனம் வரவில்லை, வாய் முந்திவிட்டது. அகராதி படித்ததால் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரதியின் முகம்தான்.

மூன்று மணிக்கு மழை. காற்றும். அவர் நெல் சாக்கில் ஏறிவிட்டது. என்னுடையது விழுந்துவிட்டது. என்ன விசர் வேலை செய்தேன்!

பெப்ரவரி 13, வெள்ளி

மழை விட்டது. பேச்சு நாலு வரியில் முடிந்தது. உதவிதான் முதல் பொருள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் மச்சான், பல்லைக் குத்திக்கொண்டு. நன்றி இல்லாத மனிதர்.

பொங்கல் நல்லாயிருந்தது. முந்திரி போதாது.

மெசின்காரருக்குப் போன் எடுத்தேன். "சேத்துக்குள்ள இறக்க ஏலாது சேர்." கூலிக்கு வெட்ட ஆளும் கிடைக்கவில்லை. எல்லோர் வயலும் இதே நிலை.

பெப்ரவரி 14, சனி

வெயில். தனியாகவே வெட்டுவோம் என்று தாக்கத்தியோடு விடியப் போனேன். என் வயலில் யாரோ குனிந்து நின்றார்கள். கள்ளனோ என்று ஓடினேன்.

மச்சான். முழங்கால் வரை சேறு. ஒரு மூலை வெட்டி முடித்து, கதிர்க்கட்டுகளை வரம்பில் ஏற்றியிருந்தார்.

அவர் நிமிரவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? இது வெள்ளாம மச்சான், கந்தோர் இல்ல. குனியுங்க."

குனிந்தேன்.

ஏழு மணிக்கு ரதி தேத்தண்ணி கொண்டு வந்தாள், மூன்று கோப்பையோடு. முதல் கோப்பை அண்ணனுக்கு.