அரைச் சுற்று பாக்கி

வியாழன், மதியம்

நண்டின் அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன் லீவு முடிந்து ஐந்து மணி பஸ்ஸில் அங்கே கிளம்புகிறார். நம் பெண் நண்டு நாலரைக்குப் பள்ளி விட்டு வந்துவிடுவாள். அதற்குள் எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றே இன்று மதியம் லீவு போட்டேன். பகலில் உங்களுக்கு வேலை; ராத்திரி போனில் சொல்லலாம் என்றால் இந்த ஒற்றை அறையில் எங்கே போய்ப் பேசுவது? இருமினால்கூட அவளுக்குக் கேட்கும்.

திங்கட்கிழமை பள்ளியில் விளையாட்டு விழா. நண்டு ஐந்து சுற்று ஓட்டத்தில் ஓடினாள். நான் ஃபாக்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் இன்னும் அரைச் சுற்று பாக்கி. மூஞ்சியெல்லாம் சிவந்து, தன்னந்தனியாக ஓடி வருகிறாள். யார் பெத்த பிள்ளையோ பாவம் என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சிரித்தாள். எனக்கு உடம்பே கூசிப் போய்விட்டது. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், போதும்டி வா என்று கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். விடும்மா, விடும்மா என்று திமிறினாள். நான் விடவில்லை. ஃபாக்டரியில் நாளெல்லாம் சட்டைகளைச் சோதித்து, பிசிறு உள்ளதை அடுக்கிலிருந்து உருவிப் போடுகிற கை, பெற்ற பிள்ளையையும் அப்படியே உருவிப் போட்டுவிட்டது.

அவள் உள்ளங்கையில் பேனாவால் 8.30 என்று எழுதியிருந்தது. காப்பியடிக்க எழுதினாயா என்று அதற்கும் ஒரு திட்டு திட்டினேன். பிறகுதான் விளையாட்டு டீச்சர் வந்து கடிகாரத்தை நீட்டினார். எட்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்று மூன்று மாதமாகப் பாடுபட்டிருக்கிறாளாம். ஒன்பதரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் இழுத்தபோது ஏழு நிமிடம் இருபது நொடிதான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா நின்னிருக்கலாமேம்மா என்றார் டீச்சர்.

நமக்கு என்ன தெரியும் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. ஞாயிறுதோறும் போனில் அவள் ஓட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கும் முதல் கேள்வியே, எத்தனாவது வந்த? கடைசி என்பாள். நீங்கள் சிரிப்பீர்கள். பக்கத்தில் நின்று நானும் சிரிப்பேன். எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று நாம் ஒரு நாளாவது கேட்டோமா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

என்னோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் சரி, சரி என்கிறாள். ஷூவைக் கழுவிக் காயவைத்து, பேப்பரில் சுற்றி, அலமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். எனக்கு வேலையே ஓடவில்லை. நேற்று ஒரு கை நெட்டை, ஒரு கை குட்டையாக இருந்த சட்டையை நல்ல சட்டையோடு சேர்த்து அனுப்பிவிட்டு, சூப்பர்வைசரிடம் செம டோஸ் வாங்கினேன்.

சனிக்கிழமை காலையில் அவளைத் தனியாக ஓடவிட்டு நேரம் பார்க்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இன்று காலை தலை பின்னும்போது அவளிடம் சொன்னேன். ரிப்பனை எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்புறம், நீ வராத, நான் ஓடுறேன் என்றாள். சரி என்றேன். ஆனால் ஷூ இன்னும் அலமாரிக்கு மேலேதான் கிடக்கிறது. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஞாயிறு போன் பண்ணும்போது எத்தனாவது என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள். தனியாக ஓடுகிறவளுக்கு ஏது எத்தனாவது! எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேளுங்கள். எட்டரையோ ஒன்பதோ, கடைசிச் சுற்றில் கால் எப்படி இருந்தது, மூச்சு எப்படி இருந்தது என்று கேளுங்கள். நான் பக்கத்தில் நின்றால் வாயைத் திறக்க மாட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு கீழே தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறேன். அவள் சொன்னதை அப்புறம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மாகிட்ட சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள்.

வாசலுக்கும் அலமாரிக்குமாக நடந்துகொண்டிருக்கும்,
நண்டின் அம்மா