முட்டிக்கு மாத்திரை போதுமாம்

17 டிசம்பர், புதன்
விடாத மழை. ஆஸ்பத்திரியிலிருந்து பெக்கான் நானாஸ் ஊரிலுள்ள வீட்டுக்கு. இரும்பு முட்டி வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, உள்ளே சீழ். திறந்து கழுவினார்கள். இரண்டு வாரம் நரம்பில் டிரிப் மருந்து. மீதிக்கு மாத்திரை.

டாக்டர் சின்னப் பெண். "மாத்திரையும் டிரிப்பும் ஒரே பலன்தாம்மா. வீட்லயே இருக்கலாம்."

பொய் என்று மகனிடம் சொன்னேன். கட்டில் காலியாக வேண்டும், அவ்வளவுதான். நான் வேலை செய்த தோட்டத்திலும் இதே கதை: துரைக்கு ஊசி, நமக்கு மாத்திரை.

மருந்துக் கவுண்டர் பெண் விளக்க வந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியும்மா" என்று பையை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாமல் படித்தவள் நான். லேபிளில் பொடி மலாய் எழுத்து. இரண்டு வேளை. அது போதும்.

18 டிசம்பர், வியாழன்
தைப்பூச விரதம் தொடக்கம். முட்டி ஆறினால் பால்குடம். பாலும் பழமும்தான் ஆகாரம். மாத்திரையும் பாலோடு. வயிறு எரியாது.

மகன்: "அலாமாக், இந்த ஒடம்புல விரதமாம்மா?"
"ஒன்னையா இருக்கச் சொன்னேன்?"

30 டிசம்பர், செவ்வாய்
முட்டியில் சூடு. தையல் ஓரம் ஈரம். வாழைப்பழம் வாங்க வேண்டும். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. அப்போதே சொன்னேன்.

6 ஜனவரி, செவ்வாய்
மறுபடி வார்டு. மறுபடி சீழ். இனி கழுவிப் பயனில்லையாம், இரும்பை எடுக்க வேண்டுமாம். சில மாதம் முட்டியில்லாத கால்.

மகன் டாக்டரிடம் சத்தம். "அம்மா அப்பவே சொன்னாங்கல்ல! டிரிப்பே போட்டிருந்தா இப்படி ஆவுமா?"

டாக்டர் தலை குனிந்து, "மாத்திரை ஏன் கேக்கலன்னு தெரியல. சாரிம்மா."

கேட்க நன்றாக இருந்தது.

7 ஜனவரி, புதன்
பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கும் எனக்குக் கொடுத்த அதே வெள்ளை மாத்திரை. கவுண்டர் பெண் வந்து சொல்கிறாள்: "ஆண்டி, இத பாலோட மட்டும் சாப்பிடாதீங்க. மருந்து ஒடம்புல சேராது."

தினம் இரண்டு வேளை. இருபது நாள்.

நாளை ஆபரேஷன். சொன்னாலும் முட்டி திரும்பாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

மாலை டாக்டர் வந்தார். மகன் எழுந்தான், மறுபடி ஆரம்பித்தான். "ஒங்க மாத்திரையாலதான்..."

"பாலோட சாப்பிட்டேன்" என்றேன். "யாரும் கேக்கல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தன நாளாம்மா?"

"விரதம் தொடங்குனதுலேருந்து."

மகன் டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.