அக்காவின் படத்துக்கு எந்த எழுத்து

12 செப்டம்பர் 1983, காரைக்கால்
கல்லூரிக் கேமரா வந்து நாலு நாள். இறுதியாண்டுப் படத்துக்குக் கதைதான் இல்லை. நிறைமாதமாக இருக்கும் இசபெல்லா அக்கா, "என் பிரசவத்தையே எடேன்டி அமலு. ஆனா நம்ம ஜெசிந்தா பாக்கணும். அவளும் இப்படித்தான் வந்தான்னு தெரியட்டும்" என்றாள். மகளுக்கு எட்டு வயது! விளையாட்டுக்குச் சொல்கிறாளா? இல்லை.

30 செப்டம்பர்
எடுத்துவிட்டேன். அக்கா, டாக்டர், நர்ஸ், நான் — அறையில் நாலு பேர். கதவு திறக்கவேயில்லை. ஐந்து பேராகிவிட்டோம். எப்படி? அம்மாடி, எப்படி? நர்ஸ் சகாயம்மாள் கையைக் கழுவிக்கொண்டே, "டீ வந்துச்சா?" என்கிறார்!

9 ஜனவரி 1984, சென்னை
தணிக்கை விண்ணப்பம். எந்தச் சான்றிதழ் கேட்பது? "தலை வெளிய வர்ற ஷாட்டை வெட்டிடும்மா, யு தருவாங்க. இல்லேன்னா ஏ தான்" என்கிறார் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் சிவசுப்பிரமணியன் சார். வெட்டினால் வெறும் கட்டில்தான் மிஞ்சும். ஏ என்றால் ஜெசிந்தா இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். அக்காவுக்கு என்ன பதில் சொல்ல?

15 ஜனவரி, காரைக்கால்
பொங்கலும் அதுவுமாக வீட்டில் சண்டை. எங்கள் ஊரில் ஏ படம் என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவது. அடைக்கலராஜ் அத்தான் குதித்தார்: "என் பொண்டாட்டி ஏ படத்துலயா?"
அக்கா கேட்டாள்: "புள்ள பெத்தது அசிங்கமா?"


20 ஜனவரி, சென்னை
போன ஜூனிலிருந்து புதிதாக யுஏ என்று ஒன்று இருக்கிறதாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம். அதையே எழுதிவிட்டேன். ஒரு அடிகூட வெட்டவில்லை. திமிர்தான்.

2 மார்ச்
யுஏ! வெட்டே இல்லை!

8 ஏப்ரல், காரைக்கால்
கோட்டுச்சேரியில் ஒரு ஹாலில் போட்டோம். அக்கா மடியில் கைக்குழந்தை, ஒரு பக்கம் ஜெசிந்தா, இன்னொரு பக்கம் அத்தான். திரையில் தலை தெரிந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது. அத்தான் வெளியே போய்விட்டார். ஜெசிந்தா இமைக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. திரையையே மறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் முதல் அழுகை கேட்டதும் எழுந்து ஓடினாள். ஐயோ, பயந்துவிட்டாளா? தப்புப் பண்ணிவிட்டேனா? பின்னாலேயே ஓடினேன்.
வேப்பமரத்தடியில் அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.
"பயப்படாதீங்கப்பா, பாப்பா பொறந்துருச்சு. நான் கூட இருக்கேன், வாங்க."