சிவப்பு ஐந்து ரூபாய்

7, திங்கள்

காலையில் தூறல். வெள்ளிமலை பஸ் இருபது நிமிடம் தாமதம். மலைமேல் ஒரே மூட்டம். பள்ளி ஆய்வகத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் குடுவைகளைக் கழுவினேன்.

நாணயச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கறுத்துப்போன காசைப் படம் எடுத்துப் போட்டு, எரர் காயினா, தப்பாக அச்சடித்த காசா என்று கேட்டிருந்தார். கொல்லையில் தோண்டும்போது கிடைத்ததாம். பதில் போட்டேன்: "மண் அரித்தது. பொரிப்பொரியாக இருக்கிறது பாருங்கள். நாணயச்சாலையில் இப்படி வராது." மனுஷர் அழுகிற பொம்மை அனுப்பினார். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஞாயிறு சங்கக் கூட்டம், கள்ளக்குறிச்சியில். என் சிவப்பு ஐந்து ரூபாயைக் காட்டப்போகிறேன். பழைய தடி ஐந்து ரூபாய். வெள்ளையாக இருக்கவேண்டியது, தவறிப்போய்ச் செம்பில் அடித்திருக்கிறார்கள். இதே மாதிரி தலைவரிடம் ஒன்று இருக்கிறது, ஆல்பத்தில் முதல் பக்கம். இரண்டாவது என்னுடையது. பதினெட்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரே பொம்பளை. நாலு வருடமாக "ஸ்டெல்லா, டீ சொல்லும்மா" என்றவர்கள் வாயைப் பிளக்கட்டும்.

8, செவ்வாய்

புளி கால் கிலோ. இரும்பு நார். மாவு அரைக்க.

திருவிழாவுக்காகக் கோயில் மெழுகுவர்த்தித் தண்டுகள் வந்துவிட்டன. பித்தளை, ஆறு. வருடா வருடம் என் தலையில்தான். தேய்த்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. புளித் தண்ணீரைப் பேசினிலேயே விட்டுவிட்டேன். பீரோ சாவியைக் காணோம்.

9, புதன்

சாவி கிடைத்தது. பேசின் அடியில், இரும்பு நாரில் சிக்கி. வெள்ளைச் சாவி சிவப்பாக.

கழுவினேன், துடைத்தேன். போகவில்லை. துவைக்கிற கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் காசின் நிறம்.

போன வருடம் தண்டு தேய்த்த பிறகுதான் இந்தக் கல் பக்கத்தில், சோப்பு டப்பாவில், அந்தக் காசைப் பார்த்தேன். கண்டக்டர் கொடுத்த சில்லறை என்று நானே முடிவுகட்டி, குழுவிலும் அப்படியே எழுதினேன். அதுவும் பேசினில் ஊறியதுதானோ?

10, வியாழன்

யூகம் வேண்டாம். செய்து பார்த்துவிடுவது.

தராசு: ஒன்பது கிராம். உதவாது, செம்பாக இருந்தாலும் ஏறக்குறைய அதே எடைதான் வரும். காந்தம்: ஒட்டவில்லை. செம்பிலும் ஒட்டாது.

சத்துணவு சமைக்கும் பாப்பா அக்காவிடம் பழைய தடி ஐந்து ரூபாய் ஒன்று இருந்தது. வெள்ளை வெளேரென்று.

"இன்னாத்துக்கு டீச்சர்?"

"புளித்தண்ணில ஊறப்போட."

"காசுல கொழம்பா!"

சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து காசை அதே நாரில் சுற்றி, அதே தண்ணீரில் போட்டேன்.

11, வெள்ளி

சிவந்துவிட்டது. ஒரே சீராக, அழகாக.

பித்தளையிலிருந்து புளியில் கரைந்த செம்பு, இரும்பு நார் பட்டதும் காசின் மேல் ஏறிக்கொள்கிறது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு மயில்துத்தக் கரைசலில் ஆணியைப் போட்டு, அதன்மேல் செம்பு ஏறுவதைக் காட்டுகிறவள் நான். என் வீட்டுப் பேசினில் நடந்தது தெரியவில்லை.

என் காசின் விளிம்பை மை அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். பத்துத் தேய்ப்பில் வெள்ளை வந்துவிட்டது. அழுதேன். ஒரு வருடம் பஞ்சில் வைத்துக் காப்பாற்றிய காசு.

12, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சொல்லாம வுட்டுடேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

"கண்டக்டர் குடுத்தான்னு எழுதிக்கினு, இப்ப போய் பேசின்னு சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

டிவியை நிறுத்திவிட்டுப் பீரோ பக்கம் போனார். திரும்பி வந்து என் கையில் சிவப்புச் சாவியை வைத்தார். "அப்ப இதையும் எடுத்துக்கினு போ."

13, ஞாயிறு

பூசை முடிந்து நேராகக் கூட்டம். வெயில். பையில் காசு இரண்டு, சாவி, ரப்பர்.

பாப்பா அக்கா கொடுத்த காசை மட்டும் முதலில் தலைவர் முன்னால் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். லென்ஸில் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல. செம்புல அடிச்சதுதான். எனக்கெல்லாம் பாத்தாலே தெரியும்." கைதட்டினார்கள்.

"வியாழக்கெழம என் வூட்டுப் பேசின்ல போட்டது சார்," என்றேன். ரப்பரால் தேய்த்தேன். வெள்ளை. என் காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன், விளிம்பு தெரிகிற மாதிரி. சாவியையும். குழுவில் எழுதியது தப்பு என்று சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

பின்னால் ஒருவர் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலைவரின் ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். ஒன்பது வருடமாக பிளாஸ்டிக் உறையில் இருந்ததை வெளியே எடுத்தார்.

"வேணாம் சார், கெடக்கட்டும்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தலைவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்த ரப்பர இப்படிக் குடும்மா."