கை நனைக்கப் போன வீடு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மலை உச்சியில் மட்டும் மேகம், கீழே ஒரு துளி இல்லை. எடை 91.4. போன வாரம் 91.9. வயிற்றைச் சின்னதாக்கி, குடலை மாற்றி இணைக்கச் சென்னைக்குப் போன அன்று 118.

இன்று உள்ளே போனது:

கா. 7 – புரோட்டீன் மாவு கரைத்த பால், அரை டம்ளர். குடிக்க இருபது நிமிடம்.
கா. 10 – முட்டை வெள்ளை, ஒன்று.
ம. 1 – மசித்த பாசிப்பருப்பு, அதில் சோறு இரண்டு ஸ்பூன். மூன்றாவது நெஞ்சிலேயே நின்றுவிட்டது. எழுந்து கூடத்தில் நடந்தேன்.
மா. 4 – மோர்.
மாத்திரை ஐந்து.

தண்ணீர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் கூடாது, பின்னும் கூடாது. மீதி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டுமாம். பதினான்கு வாரத்தில் ஒரு நாள்கூட முடியவில்லை.

சாயந்திரம் தரகர் வந்தார். கீழ்பென்னாத்தூரில் பெண் வீட்டாருக்குச் சம்மதம். என் பிள்ளை பிரபுவுக்கு எப்போதோ சம்மதம். பெண் பார்த்துவிட்டு ஓசூர் வேலைக்குத் திரும்பியவன், அன்றிலிருந்து சங்கீதாவோடு போனில்தான் குடித்தனம். "வர்ற ஞாயித்துக்கெழம வந்து கை நனைச்சிட்டீங்கன்னா, புரட்டாசி பொறக்கறதுக்குள்ள நிச்சயத்த வச்சிக்கலாம்" என்றார் தரகர்.

போன முறை காபியோடு தப்பித்தேன். முடிவாகாத இடத்தில் யாரும் சோறு தின்பதில்லை. இப்போது முடிவாகிவிட்டது, ஆகவே உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதுதான் நம் சம்மதம். மாப்பிள்ளையின் அம்மா இலையில் எவ்வளவு மீதி வைத்தாள் என்று அவர்கள் சொந்தமெல்லாம் பார்க்கும்.

ஆபரேஷன் விஷயம் தெரிந்தவர்கள்: வீட்டில் அவர், பிரபு, டாக்டர், போனில் பேசும் டயட்டீஷியன் பெண். மற்ற எல்லோருக்கும் பித்தப்பைக் கல். சங்கீதாவிடமும் வாய் திறக்கக் கூடாது என்று பிரபுவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தால், மகனுக்கும் இந்த உடம்பு வரும் என்பார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மழை வரும்போல இருட்டி, வரவில்லை. வேங்கிக்கால் ஆபீசில் இரண்டாவது மாடிவரை நிற்காமல் ஏறினேன். போன வருடம் மூன்று இடத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ போன் பேசுவதுபோல நடிப்பேன்.

பழைய கோப்பு தேடி ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் தேன்மொழி, கூட டைப்பிஸ்ட். என் கூடப் பத்து வருடம் வேலை பார்ப்பவள் தேன்மொழி.

"மீனா மேடம் ஒரேயடியா எளச்சிட்டாங்க பாத்தியா? பித்தப்பைக் கல்லுக்கு இப்படி எளைப்பாங்களா?"

"முடி வேற கொட்டுதுக்கா."

"அது புத்துநோயாத்தான் இருக்கும். பாவம், வெளிய சொல்லல."

முடி கொட்டுவது உண்மை. தினம் சீப்பில் ஒரு கொத்து. மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டும், பிறகு முளைக்கும் என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறாள். இல்லை என்று அலமாரியைச் சுற்றிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்புறம் வேறு என்ன என்று கேட்பார்கள். கோப்பைத் தேடாமலே வந்துவிட்டேன்.

மதியம் தேன்மொழி ஒரு டப்பாவில் மாதுளை உரித்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எட்டு முத்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை இருபத்தொன்று. வெல்லம் கிளறும்போது தொண்டைவரை ஆசை. பசி இல்லை, ஆசை மட்டும் எங்கேயோ தனியாக இருக்கிறது. அதை டாக்டர் வெட்டவில்லை.

இனிப்பு இனி ஆகாது. வயிற்றில் தங்காமல் நேரே குடலுக்குப் போய்விடும். படபடப்பு, வியர்வை, தலை சுற்றல். ஜூலையில் ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீமில் பட்டது போதும்.

அவர் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டார். நான் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். "இன்னாத்துக்கு ஒளிஞ்சி சாப்புடறீங்க?" என்றேன். "ஒளியல, சும்மா நின்னேன்" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அரை நாள் லீவு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை. செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு கஃபே. அவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஒரு கிண்ணம் பூசணி சூப், ஒரு மணி நேரம். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கீரையாக மென்றாள். என்னைப் போலச் சாப்பிடுகிற ஜனம் இந்த ஊரில் இங்கேதான் இருக்கிறது, அதுவும் ஆபரேஷன் இல்லாமலே. 'இன்னும் கொஞ்சம்' என்று யாரும் கரண்டியோடு வருவதில்லை.

திட்டம்:
1. ஓரத்து இலை. பக்கத்தில் அவர்.
2. கொஞ்சம் கொஞ்சமாக அவர் இலைக்குத் தள்ளுவது.
3. பேசிக்கொண்டே இருப்பது.
4. இனிப்பு வந்தால் சுகர் என்று சொல்வது.

ஒரு காலத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்களுக்கே உற்சாகம் வரும். மூன்று முறை ரசம் வாங்குவேன். இன்று சாப்பாட்டுக்குத் திட்டம் போடுகிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதத் தெம்பில்லை. எழுதாமல் படுத்தால் தூக்கமும் வராது.

கூடத்தில் பாய் விரித்து இலை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. அவர் எனக்கு நேர் எதிரே, கை எட்டாத தூரத்தில். திட்டம் ஒன்றும் இரண்டும் அங்கேயே போயிற்று. எட்டு வருடத்துக்குப் பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்.

பெண்ணின் அம்மா வசந்தா யாரையும் விடாமல் தானே பரிமாறினாள். வடை, உருளைக்கிழங்கு, கீரைக் கூட்டு, முருங்கைக்காய் சாம்பார், இன்னும் என்னென்னவோ. பாயசத்தோடு என்னெதிரே குனிந்தாள்.

"எனக்கு சுகருங்க அண்ணி."

"ஒரு வாய்க்கு இன்னா ஆயிடப் போவுது? நல்ல காரியம், இனிப்பத் தொடாம எப்படி?"

பதினைந்து பேர் பார்க்கிறார்கள். பிரபு இலையைப் பார்த்தபடி இருக்கிறான். குடித்தேன். ஒரு வாய் அல்ல, மூன்று. பிறகு சாம்பார் சோறு, மெல்லாமல், எல்லோரும் சாப்பிடும் வேகத்தில். முன்பெல்லாம் நான் எப்படிச் சாப்பிட்டேனோ அப்படி.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. முதுகெல்லாம் வியர்வை. நிறைந்த இலையை அப்படியே விட்டு எழுந்தேன். பின்கட்டுக்கு ஓடி, காயப்போட்டிருந்த மல்லாட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் வாந்தி. செடியிலிருந்து பறித்து மண்கூட உதிராத புதுக் கடலை. அதன்மேல் படாமல் இருந்ததே புண்ணியம்.

திரும்பி வந்தால் பந்தி முழுக்க எழுந்து நிற்கிறது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்த பிறகு யார் சாப்பிடுவார்கள்? சங்கீதாவின் தாய்மாமன் சோறு பிசைந்த கையோடு நின்றார். எல்லா இலையிலும் பாதிச் சோறு. வசந்தா கையில் ரசச் செம்பு. நான் "வெயில் ஒத்துக்கல" என்றேன். அவள் செம்போடு அடுப்படிக்குத் திரும்பினாள்.

செப்டம்பர் 1, திங்கள்

லீவு. மோர் மட்டும். மழை பெய்தது, துணி நனைந்தது, எடுக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

தரகர் போன். "ஏம்மா, புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சொந்தக்காரங்கள வச்சிக்கினு பாதியில எழுந்துட்டீங்க. அந்தம்மா அழுதுட்டாங்களாம்."

"புடிக்காம இல்லைங்க. ஒடம்பு சரியில்ல."

"அதுவும் ஒரு பேச்சு ஓடுது. பெரிய வியாதியாம், மறைக்கிறீங்களாம். பொண்ணு வந்து ஆஸ்பத்திரியிலயே கெடக்கணுமான்னு அவங்க தாய்மாமன் கேக்கறாரு. ரெண்டுல எதுன்னாலும் அவங்க யோசிக்கறாங்க. வேற எடத்துலேர்ந்து ஒரு ஜாதகமும் வந்துகீது."

மதியம் பருப்பு ஒரு ஸ்பூன். இரண்டாவது வேண்டியிருக்கவில்லை. எடை பார்க்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பிரபு பேசினான். சங்கீதா அவனிடம் நேரடியாகக் கேட்டாளாம், உங்கம்மாவுக்கு என்ன என்று. ஒன்றுமில்லை என்றானாம். பொய் சொல்றியா என்று கேட்டு போனை வைத்தவள், இரண்டு நாளாக எடுக்கவில்லை.

"நீ சொல்லாதன்னு சொன்ன. நான் சொல்லலம்மா" என்றான். குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும்.

எதற்கு மறைக்கிறேன் என்று எனக்கே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ள வேண்டும். பரம்பரை உடம்பு என்பார்கள் என்ற பயம் பாதிதான். மீதி வெட்கம். தின்று தின்று ஊதினாள், அடக்க முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்ட சிரிப்பு அது. பஸ்ஸில், துணிக்கடையில், பந்தியில். உடம்பு பாதியாகப் போகிறது, அந்தச் சிரிப்பு காதில் அப்படியே இருக்கிறது. அதற்காக என் பிள்ளை சங்கீதாவை இழக்க வேண்டுமா?

களைப்பு. ஆனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

செப்டம்பர் 6, சனி

நாளை பௌர்ணமி. இன்றே ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம், பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. தரகரிடம் சொல்லவில்லை. போன் செய்யவில்லை. "நாமளா போனா எறங்கிப் போன மாதிரி ஆயிடும்" என்றார் அவர். "ஆவட்டும்" என்றேன். கைப்பையில் ஒரு டப்பா, மசித்த பருப்பு.

பதினொன்றரைக்குக் கீழ்பென்னாத்தூர். வசந்தா பின்கட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். எழுந்திருக்கவில்லை. அவர் வெளியே சங்கீதாவின் அப்பாவோடு நின்றுவிட்டார். நான் அவளுக்கெதிரே மண்ணில் உட்கார்ந்து, நாலு கடலை உரித்து, பிறகு சொன்னேன். எல்லாம். எடையை, முட்டி வலியை, சுகரை, ஆபரேஷனை, பித்தப்பைக் கல்லை. புடவையை விலக்கி வயிற்றில் ஐந்து தழும்பையும் காட்டினேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"புத்துநோய் இல்லியே?"

"இல்லைங்க அண்ணி."

"புள்ளைங்களுக்கும் இந்த ஒடம்பு வருமா?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பயந்தேன். "வரலாம். எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் கடலைத் தோலை மடியிலிருந்து உதறினாள். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது அவளுக்கு.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? காலைல நாலு மணிக்கு எழுந்து பதிமூணு ஐட்டம் செஞ்சேன். நான் வேற அந்தப் பாயசத்த ஊத்தி ஊத்திக் குடுத்தேன். உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா? ஒரு வாரமா எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. எம்பொண்ணு எங்கிட்ட பேசல."

"தப்புதாங்க."

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு, "இப்ப எவ்ளோ சாப்புடுவீங்க?"

"அரைக் கரண்டி."

"எந்தக் கரண்டி?"

எழுந்துபோய் மூன்று கரண்டி கொண்டுவந்து எதிரே நீட்டினாள். சிறியதைக் காட்டினேன். நெய்க் கரண்டி. "இதுல அரையா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். டப்பாவை எடுத்தேன். "அத உள்ள வைங்க" என்றாள் அடுப்படியிலிருந்து.

"ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?" இதுவும் அடுப்படியிலிருந்து.

"ஆபரேஷன்னே சொல்லிடுங்க."

தெரிந்தவர்கள்: திங்கட்கிழமைக்குள் கீழ்பென்னாத்தூர் முழுக்க. புதன்கிழமைக்குள் வேங்கிக்கால். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அலுத்துவிட்டது.

மணி ஒன்றுக்கு இலை. நான், அவர், வசந்தா, சங்கீதாவின் அப்பா, சங்கீதா. குழைந்த சோறு, பருப்பு, கீரை, அவ்வளவுதான். இனிப்பு யார் இலையிலும் இல்லை. எனக்கு நெய்க் கரண்டியில் பாதி. "எத்தினி நேரம் ஆவும் அத்தை?" என்று கேட்டாள் சங்கீதா. அவள் என்னிடம் தானாகப் பேசியது இதுதான் முதல். அரை மணி என்றேன். ஏன் என்று கேட்டாள். ஒவ்வொரு வாயையும் இருபது முறை மெல்ல வேண்டும், சாப்பிட்டு அரை மணிக்குத் தண்ணீர் கூடாது, எல்லாம் சொன்னேன்.

அவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். யாரும் எழவில்லை. கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, ஐந்து இலைக்கு முன்னாலும் ஆள் உட்கார்ந்திருந்தது. வெளியே மல்லாட்டை ஏற்ற வந்த வேன்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். சங்கீதாவின் அப்பா திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றாள் வசந்தா. அவர் உட்கார்ந்தே இருந்தார். வெட்கமாக இருந்தது. அவசரப்படவில்லை. மென்றேன். கடைசி வாய் 1.30க்கு. அதற்குப் பிறகுதான் எல்லோரும் கை கழுவினார்கள்.

கூடத்தில் நாற்காலி போட்டார்கள். நிச்சயத்துக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கம் தேடினார்கள். ஏதேதோ பேசினார்கள், எனக்குப் பாதி கேட்கவில்லை, அப்படி ஒரு அசதி. தாகம் வேறு.

சரியாக இரண்டு மணிக்குச் சங்கீதா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கேட்கவில்லை நான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.