எங்கள் ஆட்டை வைத்துச் செய்த சோதனை

இன்று காலை கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுக்காரரின் போனிலிருந்து, ஆட்டு நோய்க்கு வைத்தியம் சொல்லும் நம் கம்ப்யூட்டரின் குரல் கேட்டது. "இது மாதிரி நோயை நான் பார்த்ததில்லை. உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க." இத்த சொல்றதுக்கு ஒரு போனா என்று அவர் சலித்துக்கொண்டார். ஆனாலும் டாக்டரைக் கூப்பிட்டார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

மலை ஊரில் ஒன்பதாவதோடு நின்றுவிட்ட என்னையும், நைனார்பாளையத்திலிருந்து வந்த உன்னையும் கள்ளக்குறிச்சி ஆபீஸில் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். ஆட்டுக்கு நோய் என்று யாராவது சொன்னால், முன்பு வேறு ஆடுகளுக்கு வந்ததில் எது இதைப் போல இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடும். அதற்குச் செய்த வைத்தியத்தையே இதற்கும் சொல்லும். அது சரியா என்று பார்ப்பது நம் வேலை. பழைய ஆடு ஒன்றின் விவரத்தை அதனிடமிருந்து மறைத்துவிட்டு, புதிதாக வந்தது போலக் கேட்போம். எல்லாமே சரியாக வந்தது. மறுநாள் மலை ஊர்களுக்குக் கொடுப்பதாக இருந்தார்கள்.

நீதான் யோசித்தாய். மறைக்கிறதும் கீழே கரும்புக்காட்டுப் பக்கத்து ஆடு, தேடுகிறதும் அதே பக்கத்து ஆடு, பிறகு ஏன் தப்பாக வரப்போகிறது என்றாய். "உங்க வூட்டு ஆட்ட கேளுடி."

மலையில் மரவள்ளித் தழையைத் தின்று, வயிறு உப்பி, நுரை தள்ளி விழுந்த எங்கள் ஆட்டைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டரிடம் கேட்டேன். வயிற்று உப்பல், எண்ணெய் கொடுத்துச் சாயங்காலம் வரை பாருங்கள் என்றது. நாங்களும் எண்ணெய் கொடுத்துத்தான் காத்திருந்தோம். அது வெறும் உப்பல் இல்லை, தழையின் விஷம். ஆடு சாயங்காலம் வரை இருக்கவில்லை.

ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் சாரிடம் நீயே சொல் என்று கெஞ்சினேன். "நான் சொன்னா சும்மா சந்தேகம்னுவாரு. நீ பார்த்தவ." கூடவே வந்து நின்றாய். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு ஆட்டுக்காக எல்லாத்தையும் நிறுத்துவதா என்றார் அவர்.

"மலையிலேர்ந்து நம்மகிட்ட இருக்கிறதே அந்த ஒரு ஆடுதான் சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கொடுப்பதைத் தள்ளிவைத்தார். மலை ஊர்களில் அலைந்து அந்த ஆடுகளின் நோயையும் சேர்த்தோம். எதுவும் ஒத்துவராவிட்டால் வைத்தியம் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லவேண்டும் என்று ஆனது.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நன்றி என்று ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிண்டல்தான் செய்திருப்பாய்.

இப்போது சாரின் அறைக்குத் தனியாகத்தான் போகிறேன். கதவருகில் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு உள்ளே போய், தப்பாகப் பட்டதைச் சொல்லிவிடுவேன்.