அபாயமணியை எந்த மொழியில் எழுதுவது

இன்று காலை பேகம்பூர் திருப்பத்தில் பேருந்துக்குள் தோல் ஆலைகளின் வாடை புகுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல்.

நீ போய் எட்டு மாதமாகிறது. இன்னும் உன்னைத் திட்டித் தீரவில்லை.

கல்லூரி முடித்ததும் மாடியறை ஒன்றைப் பிடித்து, மென்பொருள் எழுதித் தரும் வேலையை நாம் இருவரும் தொடங்கினோமே, அங்கே நம் சண்டையெல்லாம் எந்த வேலைக்கு எந்தக் கணினி மொழி என்பதில்தான். ஜவுளிக்கடையின் இணையப் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட், பிரியாணிக் கடையின் செயலிக்கு கோட்லின் என்று நீ பிரித்துப் பிரித்து வைப்பாய். எனக்கு எல்லாவற்றுக்கும் பைத்தான் போதும். "உனக்குப் புடிச்ச மொழியான்னு பாக்காதடி. நின்னுபோனா யாருக்கு என்ன ஆகும்னு பாரு" என்பாய்.

தோல் பதனிடும் ஆலைக்காரர் ஒருவர் வந்தார். கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு ஏறினால் அபாயமணி அடிக்க வேண்டும். தினசரி அறிக்கையும் வேண்டும்.

"மணிக்குத் தனியா ஒரு சின்ன சிப்பு, அதுல சி மொழி. அறிக்கைக்கு வேணும்னா உன் பைத்தான்," என்றாய்.

"இம்புட்டூண்டு வேலைக்கு ரெண்டு மொழியா? ஒரே புரோகிராம்ல போட்டா பத்து நாள்ல முடிஞ்சிரும்," என்றேன்.

வரைந்து வைத்திருந்த தாளை மடித்தாய். "சரி, பரவால்லடி. உன் இஷ்டம்."

ஏன் விட்டாய்? மேசையைத் தட்டியிருக்கலாம். என்னை அறைந்திருக்கலாம்.

என் விருப்பப்படியே செய்து பொருத்திய மூன்றாம் மாதம், ஒரு மதியம், அறிக்கை தயாரிக்கும் பகுதி எங்கோ சிக்கி நின்றது. அதன் பின்னால் வாயுவை அளக்கும் பகுதியும் காத்து நின்றது. மணி அடிக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கிய வேலு அண்ணன் மயங்கி விழுந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் மேலே இழுத்துவிட்டார்கள்; ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். பைத்தான் மேல் குற்றமில்லை. கூடாத இடத்தில் அதை வைத்த என்மேல்தான்.

"யாரும்மா இப்படிச் செஞ்சது?" என்று ஆலைக்காரர் கத்தியபோது நீ முந்திக்கொண்டாய். "நாங்க ரெண்டு பேரும்தான்." நான் வாய் திறக்கவில்லை. மணியை மட்டும் தனியே பிரித்து, சி மொழியில் நீயே எழுதி முடித்தாய். ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அந்த நல்லதனம் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அதே நல்லதனத்தோடுதான் மார்பில் கட்டி வந்ததையும் மறைத்தாய். கை வலிக்கிறதா என்று கேட்டேன். "பரவால்லடி." மதுரைக்குப் போய்க் காட்டுவோமா என்றேன். "இந்த வேலை முடியட்டும்டி." கடைசியில் போனபோது, "இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். உன்னைப் பெற்ற அத்தா என் முகத்தைத்தான் பார்த்தார். அடுத்தவர் உயிருக்கு எந்த மொழி ஏற்றது என்று அத்தனை தெரிந்தவளுக்கு, தன் உயிருக்காக ஒரு சொல் பேசத் தெரியவில்லையே!

இன்று அதே ஆலையில் வேலை. சோதனைக்காக மணியை அடிக்கவிட்டதும் வேலு அண்ணன் ஓடி வந்தார்.

"அந்தப் புள்ள வரலையா?"

"அவ தவறிட்டாண்ணே."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அதோடு நிறுத்தவில்லை. "அன்னிக்கு நீங்க விழுந்ததுக்கு அவ காரணமில்லண்ணே. அப்படிச் செய்ய வேணாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்லம்மா," என்றார். குரல் கடுத்திருந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நீ கடைசிவரை எனக்குத் தராமலே போன கோபம் அது. குனிந்து வாங்கிக்கொண்டேன். என்னிடமே இருக்கட்டும்.